எல்லைக் காட்டில் எந்தத் தோட்டா? ஆந்திர, தமிழகக் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

ஆந்திரப் பிரதேச, தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர்களுக்கும், இரண்டு மாநில வனத்துறைத் தலைமைக்கும் வணக்கம்.

கேட்க வந்தது ஒரே கேள்வி, முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் ஆட்கள் செம்மரக் காட்டுக்குள் போகும்போது துப்பாக்கியில் எந்த வகைத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்? எத்தனை தோட்டா, யார் சுட உத்தரவு கொடுத்தார், எத்தனை மணிக்குச் சுட்டார்கள் என்பதெல்லாம் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் பேப்பரில் வருகிறது. தோட்டாவின் வகையை மட்டும் யாரும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. உடம்புக்குள் போய் அது என்ன செய்யும் என்பதை முடிவு செய்வதே அந்த வகைதான் என்பதால் கேட்கிறேன்.

நான் சித்தூர்ப் பக்கம் எல்லையோரத்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். வீட்டில் தமிழ், வேலையில் பாதி தெலுங்கு. நகரி, புத்தூர், சத்தியவேடு என்று எங்கள் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். துப்பாக்கிக் காயம் எங்களுக்குப் புதிதில்லை. பெரும்பாலும் காட்டுப்பன்றி விவகாரம்: நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் கெட்டித்து பால்ரஸ் குண்டு போட்டுச் சுடுவார்கள், இருட்டில் பன்றிக்குப் பதில் பக்கத்து நிலத்துக்காரர் காலில் படும். ஃபிலிமில் அந்தக் குண்டுகள் உருண்டை உருண்டையாக, ஓரம் சுத்தமாகத் தெரியும். எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிடலாம், சர்ஜனும் எது எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுத்துவிடுவார்.

ஒருமுறை வேறு மாதிரி ஒரு காயம் வந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ரைஃபிள், கைதவறி வெடித்து ஒரு பையனுடைய தொடையில் பாய்ந்துவிட்டது. தோல் மேலே பார்த்தால் குண்டு நுழைந்த இடம் சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. ஃபிலிமில் பார்த்தால் தொடையெலும்பு நடுவில் நொறுங்கி, அதைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பொடி, கோலமாவு கைதவறிக் கொட்டின மாதிரி. பையனுடைய அக்கா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே, "குண்டு எங்க இருக்கு சார், எடுத்துடலாமா?" என்று கேட்டார். குண்டு என்று எடுக்க அங்கே தனியாக ஒன்று இல்லை. ஈயம் துகள் துகளாகச் சதை முழுக்கப் பரவியிருந்தது. ஸ்போர்ட்டிங் ரைஃபிள்களுக்கு என்று விற்கும் தோட்டாக்களில் முனை மூடாத, ஈயம் வெளியே தெரிகிற 'சாஃப்ட் நோஸ்' வகைதான் அது. வேட்டைக்கென்றே செய்யப்பட்டது.

வித்தியாசம் சின்னதுதான். ராணுவத் தோட்டாவில் உள்ளே ஈயமோ எஃகோ இருந்தாலும் மேலே செம்பு உறை முனை வரைக்கும் முழுக்க மூடியிருக்கும். சாஃப்ட் நோஸில் முனையில் உறை இருக்காது. ஹாலோ பாயிண்டில் முனையில் குழியே இருக்கும். ஈரமான சதைக்குள் வேகமாக நுழையும்போது அந்த முனை பிதுங்கி அகலமாக விரிகிறது, சுற்றளவு கூடுகிறது, வேகம் சட்டென்று குறைகிறது, கொண்டுவந்த சக்தியை எல்லாம் உடம்புக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. மிருகம் ஓடாமல் அந்த இடத்திலேயே விழ வேண்டும், அடிபட்டுக் காட்டுக்குள் கிடந்து துடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் வேட்டையில் இதை விரும்புகிறார்கள். இங்கிலாந்தில் மானை ரைஃபிளால் சுடுவதானால் விரியும் தோட்டாவால்தான் சுட வேண்டும் என்று 1991ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மானுக்குக் கட்டாயம் என்று வைத்திருக்கும் அதே தோட்டாவைப் போரில் மனிதனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று உலகம் அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் முடிவு செய்தது. அந்த முடிவு வந்த வழியில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

1895இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் வடமேற்கு எல்லைப் பகுதியான சித்ரால் மீதான படையெடுப்பில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஒரு குறை: புது .303 ரைஃபிளின் முழு உறைத் தோட்டா ஆளைத் துளைத்துக்கொண்டு போகிறது, ஆனால் பாய்ந்து வருகிற ஆளை நிறுத்த மாட்டேன் என்கிறது என்று. கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதக் கிடங்கில் இருந்த கேப்டன் பெர்ட்டி கிளே, முனையில் கொஞ்சம் உறையை எடுத்துவிட்டு ஈயத்தை வெளியே விட்ட ஒரு தோட்டாவைச் செய்தார். 1897-98இல் அதே வடமேற்கு எல்லையில் தீரா மலைப் பகுதியில் அப்ரிதி மக்கள் மீது அது சுடப்பட்டது. அடுத்து 1898 செப்டம்பரில் சூடானின் ஒம்துர்மானில், முனையில் குழிவைத்த அதன் அடுத்த வடிவம். ஜெர்மனியின் டூபிங்கன் நகரச் சர்ஜன் புரூன்ஸ் சோதனைகள் செய்து, இந்த மாதிரித் தோட்டா போட்ட காயம் எவ்வளவு கோரமாக இருக்கிறது என்று எழுதினார். அவர் சோதித்தது டம்டம் தோட்டாவே இல்லை, அதைவிட ஈயம் அதிகம் தெரிகிற வேட்டைத் தோட்டா என்று பிரிட்டிஷ் தரப்பு மறுத்தது. அந்த மறுப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் விவாதம் நிற்கவில்லை.

1899இல் ஹேக் மாநாட்டில் பிரிட்டன் சார்பில் பேசிய ஜெனரல் ஜான் ஆர்டா சொன்ன வாதம் இன்றைக்குப் படித்தாலும் வயிறு எரிகிறது. நாகரிகமான நாட்டுச் சிப்பாய்க்குக் காயம் பட்டால் அவன் நின்றுவிடுவான், சிகிச்சைக்குப் போவான். காட்டுமிராண்டி அப்படி நிற்க மாட்டான், உடம்பில் ஓட்டை விழுந்தாலும் ஓடி வந்துகொண்டே இருப்பான், அதனால் அவனுக்கு இந்தத் தோட்டா வேண்டும் என்பதுதான் சாரம். யார் மேல் சுடுகிறோம் என்பதைப் பொறுத்துத் தோட்டாவை மாற்றலாம் என்ற வாதம். மாநாடு அதை ஏற்கவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து ஓட்டுப் போட்டும், மனித உடம்புக்குள் எளிதாக விரிகிற, தட்டையாகிற தோட்டாவைப் பயன்படுத்துவதில்லை என்ற பிரகடனம் 1899 ஜூலை 29 அன்று வந்துவிட்டது. பிரிட்டன் 1907இல் அதில் சேர்ந்தது. அமெரிக்கா சேரவே இல்லை.

அப்புறம் இந்தத் தடை இன்னும் விரிந்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில், நாடுகளுக்கு இடையிலான போரில் இந்தத் தோட்டாவைப் பயன்படுத்துவது போர்க்குற்றம். 2010இல் கம்பாலாவில் நடந்த மாநாட்டில் உள்நாட்டு ஆயுத மோதலுக்கும் அதை நீட்டினார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு, இது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாட்டையும் கட்டுப்படுத்துகிற வழக்காற்றுச் சட்டம் என்றே எழுதி வைத்திருக்கிறது, அமெரிக்கா மட்டும் அதை மறுக்கிறது. இந்தியா ரோம் சாசனத்தில் சேரவில்லை என்பது உண்மை. ஆனாலும் எல்லையில் எதிரிச் சிப்பாய்க்கு எதிராக நம் ராணுவம் தூக்குவது முழு உறைத் தோட்டாவைத்தான்.

பிரச்சினை போரில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. போர்ச் சட்டம் போருக்குத்தான். ஊரில் கலவரம், காட்டில் கடத்தல், சந்தில் ரவுடி என்றால் அது போர் இல்லை, ஆகவே அந்தத் தடையும் இல்லை. கார்கில் மலையில் துப்பாக்கியோடு எதிரே நின்ற சிப்பாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு, ஜவ்வாது மலையிலிருந்து கோடாலியோடு கூலிக்கு வந்த ஆளுக்குப் போர்ச் சட்டத்தில் கிடையாது. இதைச் சட்டத்தின் ஓட்டை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. சொந்த நாட்டு ஆளை எதிரியைவிடக் கேவலமாக நடத்த எந்தச் சட்டமும் உங்களுக்கு உத்தரவு போடவில்லையே.

போலீஸ் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். பஸ் ஸ்டாண்டில், சந்தையில், ரயில் பெட்டியில் ஒருவனைச் சுட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், முழு உறைத் தோட்டா அவனைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கிற குழந்தை மேல் பாயலாம். விரியும் தோட்டா அவன் உடம்பிலேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம். நியூயார்க் போலீஸ் 1998இல் ஹாலோ பாயிண்டுக்கு மாற முடிவெடுத்தபோது சொன்ன முக்கியக் காரணம் இதுதான். லண்டன் போலீஸும் 2011இல் தன் ஆயுதம் தாங்கிய காவலர்களுக்கு இதைக் கொடுப்பதாக வெளிப்படையாக அறிவித்தது. 2005 ஜூலையில் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில், தற்கொலைத் தாக்குதல்காரன் என்று தவறாக நினைத்து ஜான் சார்லஸ் டி மெனசஸ் என்ற அப்பாவியை அவர்கள் தலையில் சுட்டுக் கொன்றதும் இதே வகைத் தோட்டாவால்தான். அந்தச் சாவுக்கு விசாரணை நடந்தது, என்ன தோட்டா என்பதும் உலகத்துக்கே தெரிந்தது. எனக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பகுதி.

அந்த நியாயம் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பாருங்கள். நியூயார்க்கிலும் லண்டனிலும் பேச்சு பெரும்பாலும் கைத்துப்பாக்கியைப் பற்றியது. 9 எம்எம் பிஸ்டல் தோட்டா சுமார் 8 கிராம், வெளியே வரும்போது அதன் சக்தி ஏறத்தாழ 500 ஜூல். உங்கள் எஸ்எல்ஆர் ரைஃபிளின் 7.62 தோட்டாவில் 3,300 ஜூல் அளவுக்கு இருக்கிறது, இன்சாஸ் ரைஃபிளின் 5.56 தோட்டாவில் சுமார் 1,700. விரிகிற பிஸ்டல் தோட்டா இறக்குகிற சக்தி சாதாரண ரைஃபிள் தோட்டா இறக்குவதைவிடவே மிகக் குறைவு என்று செஞ்சிலுவைக் குழுவே சொல்கிறது. அதனால்தான் போலீஸ் பிஸ்டலையும் ராணுவ ரைஃபிளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ரைஃபிளில் விரிகிற தோட்டாவைப் போட்டால் கிடைப்பது நான் ஃபிலிமில் பார்த்த அந்தப் பொடி. பக்கத்தில் நிற்கிற ஆளைக் காப்பாற்ற என்ற காரணத்தை ரைஃபிளோடு திருப்பதிப் பக்கத்துச் சேஷாசலம் காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அங்கே பின்னால் நிற்பது செம்மரமும் பாறையும்தான்.

முழு உறைத் தோட்டா சாதுவானது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதுவும் சதைக்குள் குப்புறப் புரளும், எலும்பில் பட்டால் சிதறும், கிட்டத்தில் சுட்டால் 5.56 துண்டாகவும் உடையும். எந்தத் தோட்டாவும் சாகடிக்கத்தான் செய்யும். ஆனால் பிழைக்க வாய்ப்புள்ள ஒரு காயத்தைப் பிழைக்க முடியாததாக ஆக்குவதற்கென்றே ஒரு முனையைத் திறந்து விடுவது வேறு. எங்கள் பக்கத்துக் காட்டில் அடிபட்ட ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்து, ஆம்புலன்ஸ் ஏற்றி, திருப்பதிக்கோ வேலூருக்கோ சேர்ப்பதற்குள் எவ்வளவு ரத்தம் போகும் என்று இந்த வேலையில் இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதியை நான் சொல்லாமல் விட முடியாது. சேஷாசலம் காட்டில், சந்திரகிரிப் பக்கம், செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். திருவண்ணாமலை, தர்மபுரி, வேலூர்ப் பக்கத்து ஆட்கள், பலர் ஜவ்வாது மலைப் பழங்குடிகள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றார்கள் மனித உரிமை அமைப்புகள். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சில உடல்களுக்குத் திருவண்ணாமலையில் இரண்டாவது முறை போஸ்ட்மார்ட்டம் நடந்தது. அங்கே விரியும் தோட்டா சுடப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது இது: புதைக்காமல் உடலை வைத்துக்கொண்டு, கோர்ட் படியேறி, முதல் போஸ்ட்மார்ட்டத்தை நம்பாமல் இரண்டாவது கேட்டுப் போராட வேண்டிய நிலையில் அந்தக் குடும்பங்கள் இருந்தன. மேஸ்திரி சொன்ன கூலியை நம்பி மலை இறங்கின மனுஷனுடைய மனைவிக்கு, புருஷன் உடம்புக்குள் என்ன போனது என்று கேட்கக்கூட ஒரு வழி வைத்திருக்க வேண்டாமா?

வனத்துறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் காவலர்கள் சில மாநிலங்களில் .315 ரைஃபிள் வைத்திருக்கிறார்கள், காசிரங்கா அதற்குத் தெரிந்த உதாரணம். அது அடிப்படையில் ஸ்போர்ட்டிங் ரைஃபிள். அதற்கு நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பாக விற்கப்படும் தோட்டா சாஃப்ட் நோஸ்தான். மதம் பிடித்த யானைக்கோ ஆள்கொல்லி விலங்குக்கோ அது தேவைப்படலாம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு வாங்கியிருக்கவும் வேண்டாம், கடையில் கிடைத்தது, வாங்கினோம் என்று இருக்கலாம். ஆனால் விலங்குக்கு என்று வாங்கின அதே பெட்டி மரம் வெட்ட வந்த மனுஷன் பக்கம் திரும்பக் கூடாது. எங்கள் எல்லையில் உங்கள் கையில் இருப்பது எந்த ரைஃபிள், அதற்குள் எந்தத் தோட்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பாதுகாப்பு ரகசியம், வெளியே சொன்னால் கடத்தல்காரன் உஷாராகிவிடுவான் என்பீர்கள். எத்தனை ரைஃபிள், எந்த முகாமில், எப்போது ரோந்து என்று நான் கேட்கவில்லை. தோட்டாவின் முனை மூடியதா திறந்ததா என்று தெரிந்துகொண்டு ஒரு மரம் வெட்டும் கூலி என்ன உஷாராகிவிட முடியும்? நியூயார்க்கும் லண்டனும் சொல்லிவிட்டுத்தான் பயன்படுத்துகின்றன. தேவையில்லாத காயத்தை உண்டாக்கும் ஆயுதத்தையும் தோட்டாவையும் தடை செய்து விதி எழுத வேண்டும் என்று 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடு காவல்துறைகளைத்தான் பார்த்துச் சொல்கிறது. நம் சட்டமும் வாய் மூடி இருக்கவில்லை. தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஆளைக் கைது செய்யும்போது சாகடிக்க உரிமை இல்லை என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு சொன்னது, இன்றைய சட்டத்தில் அது 43ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தையே கூப்பிட்டாலும் குறைந்த பலம், குறைந்த காயம் என்றுதான் எழுதியிருக்கிறது. ராணுவத்துக்கே அப்படி என்றால் உங்களுக்கு?

ஆகவே இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு நிலையாணை போடுங்கள். ரைஃபிளில் மனிதருக்கு எதிராக விரியும் தோட்டா எந்தச் சூழலிலும் கிடையாது என்று அதில் எழுதுங்கள். பணயக்கைதி மீட்பு மாதிரி நெரிசலான இடங்களுக்குக் கைத்துப்பாக்கியில் தேவை என்றால், எந்தப் பிரிவுக்கு, யார் உத்தரவில் என்று வரம்பு கட்டிக் கொடுங்கள். வனத்துறையில் விலங்குக்கான தோட்டா தனிப் பெட்டியில், தனிப் பதிவேட்டில் இருக்கட்டும், ரோந்துக்குப் போகிறவர் கையெழுத்துப் போட்டு எது வாங்கினார், எது திருப்பினார் என்று தெரியட்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி யாரும் கேட்காமலே இந்த ஆணையை வெளியிடலாம்.

இனி என் வேலை சம்பந்தப்பட்டது. என்கவுன்டர் சாவுகளில் போஸ்ட்மார்ட்டத்தை இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், சுட்ட துப்பாக்கியைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் சொல்லிவிட்டது. அதோடு ஒன்றைச் சேருங்கள்: உடலை அறுப்பதற்கு முன்னால், உடுப்போடு, தலை முதல் கால் வரை எக்ஸ்ரே. சந்தேகச் சாவுகளுக்கான ஐ.நா.வின் 2016 மினசோட்டா நெறிமுறை எக்ஸ்ரேயை வலியுறுத்துகிறது. இதில் பெரிய செலவு இல்லை. முழு உறைத் தோட்டா துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தால் ஃபிலிமில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, அல்லது எலும்பருகே சில துணுக்குகள் இருக்கும். வேகமான ரைஃபிள் தோட்டா விரிந்து சிதறியிருந்தால் பாதை முழுக்க அந்த வெள்ளைப் பொடி இருக்கும். ஃபிலிம் மட்டும் வைத்து எல்லாவற்றையும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது, தடயவியல் ஆய்வும் வேண்டும். ஆனால் கத்தி பட்ட பிறகு அந்தத் துகள்கள் இடம் மாறிவிடும், கழுவினால் போய்விடும். முன்னாடியே எடுத்த படம் மாறாது. அதன் ஒரு பிரதி அன்றைக்கே குடும்பத்தார் கைக்கும் போக வேண்டும், ரிப்போர்ட்டில் 'துப்பாக்கிக் குண்டுக் காயம்' என்று ஒரு வரியோடு நிறுத்தாமல் தோட்டாவின் வகையை எழுத ஒரு கட்டம் இருக்க வேண்டும். இதற்கு ஆள் பத்தாது என்று யாராவது சொன்னால், ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து படம் எடுத்துக் கொடுக்க என்னைப் போன்றவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறோம்.

பதிலைத் தெலுங்கிலும் தமிழிலும் வெளியிடுங்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களில் பஞ்சாயத்து போர்டில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு பக்கத்தில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
எல்லையோர எக்ஸ்ரே பணியாளர் ஒருவர்,
சித்தூர் மாவட்டம்